நங்கூரமும் ஊறுகாயும்

அக்டோபர் 3, புதன்

போட்டோ கிளப் சீசன் தொடங்கிவிட்டது. கலாச்சார மாளிகையின் மேல்மாடி, அதே ஈர வாடை, இருமிக்கொண்டே எரியும் அதே புரொஜெக்டர். முதல் நாளே சூரிய அஸ்தமனம் வரிசையாக வந்து விழுந்தது. எங்கள் ஊர் பாஞ்சேவோவில் சூரியன் உதிப்பதே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தலைவர் லூபிஷா, ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய டாக்டர், எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"ரதோய்கா அக்கா, இந்த வருஷம் கொஞ்சம் ஆக்கபூர்வமா பேசுங்க. போன வருஷம் நீங்க பேசின பேச்சுல ரெண்டு பேரு கிளப்பையே விட்டுட்டுப் போயிட்டாங்க."

"ஆக்கபூர்வமான்னா எப்படி?"

"முதல்ல ஒரு நல்லது சொல்லணும். அப்புறமாத்தான் குறை."

"நல்லது ஒண்ணுமே இல்லேன்னா?"

"தேடணும்."

தேடுகிறேன். முப்பது வருஷம் வார இதழுக்குப் படம் எடுத்தேன். என் படத்தில் யார் நல்லது தேடினார்கள்? ஆசிரியர் பார்ப்பார், 'ம்' என்பார், இல்லையென்றால் குப்பைக்கூடை. இந்த வயதில் நான் அடுத்தவர் பூனைப் படத்தில் நல்லது தேட வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். என் புருஷன் தோஸா, நான் போகும்போது எப்படிக் கிடந்தானோ அப்படியே சோபாவில் கிடந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாமல்.

அக்டோபர் 5

தோஸாவை இருதய டாக்டரிடம் கூட்டிப் போனேன். இருதயம் நன்றாக இருக்கிறதாம். ஆபரேஷன் செய்த இடம் சுத்தமாக ஆறிவிட்டதாம். "ஆனா ஆளு இறங்கிக்கிட்டே போறாரே" என்று என்னை மட்டும் தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னார். "ஏதாவது ஒண்ணுல அவரை இழுத்து விடுங்க. எதுலயாச்சும். இல்லேன்னா நாங்க இருதயத்தைத் தைச்சது வீண்."

திரும்பும்போது கடையில் குளிர்காலக் கோட்டு தள்ளுபடியில் தொங்கியது. ஒன்றைப் போட்டுப் பார் என்றேன்.

"எனக்கெதுக்கு? இருக்கிறதே என்னை விட அதிக நாள் தாங்கும்."

ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். படகு இஞ்சினோடு மல்லுக்கட்டிய ஆள், தன்யூப் ஆறு முழுக்க இழுவைப் படகில் போய் வந்த ஆள், தன் கோட்டு தன்னை விட அதிக நாள் இருக்கும் என்று கணக்குப் போடுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

அக்டோபர் 8

என் பழைய கேமராவைத் துடைத்து அவன் மடியில் வைத்தேன். "கிளப்புக்கு வா. ஒரே ஒரு சீசன். எனக்காக வா."

நெடுநேரம் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நிபந்தனை போட்டான். "வீட்ல என் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எது என்னுதுன்னு கேக்கவும் கூடாது. படத்தை நானே வுகித்ஸா கையில குடுத்துக்குவேன்."

"சத்தியமா."

எங்கள் கிளப்பில் அது சுலபம்தான். யாரும் சொந்தப் பெயரில் படம் கொடுப்பதில்லை. சீசன் முழுக்க ஒரு மறைபெயர். அது செயலாளர் வுகித்ஸாவுக்கு மட்டும் தெரியும். படம் திரையில் வரும், முதலில் விமர்சகராக நான் பேசுவேன், மற்றவர்கள் பேசுவார்கள். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஏப்ரல் கண்காட்சிக்குத்தான் பெயர் வெளியே வரும். அதற்கு முன்னால் தன் படத்துக்காக யாராவது வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ரக்கியா சாராயம் வாங்கித் தர வேண்டும்.

அக்டோபர் 17, புதன்

வந்தான்! கடைசி வரிசையில், சுவரோரம், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வந்தானே, அது போதும்.

இந்த வருஷ மறைபெயர்களில் ஒன்று 'நங்கூரம்'. திரையில் அதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல்காரன் வேறு என்ன பெயர் வைப்பான்? படமும் ஆறுதான். தமிஷ் ஆற்றங்கரை, கட்டிப்போட்ட படகு, மூடுபனி. ஓரத்தில் எடுத்தவருடைய விரல் வேறு விழுந்திருந்தது. படம் மகா சப்பை. நான் என்ன சொன்னேன்? "இதுல ஒரு அமைதி இருக்கு. ஆத்தோட வாழ்ந்தவங்க கண்ணு இது." சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. விரலைப் பற்றி நான் பேசவே இல்லை.

'ஊறுகாய்' என்று ஒருவர். பஸ் நிலையம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகு. எங்கோ தூணுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. இதற்கு நல்லது தேடும் தெம்பு எனக்கு மிச்சமில்லை. "நல்லது என்னன்னா, மனுஷங்களை எடுக்கணும்னு நினைச்சிருக்கீங்க. குறை என்னன்னா, அவங்களைப் பாத்துப் பயப்படுறீங்க. ஒளிஞ்சு நின்னு எடுத்திருக்கீங்க. கிட்டப் போங்க. திரும்பிப் பாத்துத் திட்டினாங்கன்னா திட்டட்டும், அப்பத்தான் படம்."

திரும்பி வரும்போது எது அவன் படம் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே.

அக்டோபர் 18

காலையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று கேமராவை எடுத்துக்கொண்டு போனான். "ஆத்துப் பக்கமா?" என்றேன். "ம்" என்றான். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

அக்டோபர் 31, புதன்

நங்கூரம்: நாரை. மங்கலாக, நடுவில், அஞ்சல்தலையில் ஒட்டினாற்போல. நான் உருகி உருகிப் பேசினேன். பறவையின் தனிமை என்றெல்லாம் சொன்னேன். என் வாயா இது?

ஊறுகாய் இந்த முறை கிட்டப் போயிருக்கிறார். டிக்கெட் ஜன்னலில் ஒரு பெண். ஆனால் அவள் தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறது. "கிட்டப் போனீங்க, சபாஷ். ஆனா எடுக்கும்போது அந்தப் பொண்ணை மட்டும்தான் பாத்திருக்கீங்க, பின்னாடி பாக்கல. கேமரா பொண்ணையும் பாக்கும், கம்பத்தையும் பாக்கும். அரை அடி நகர்ந்து நின்னிருந்தா போதும்."

கலையும்போது மாடிப்படியில் யாரோ கிசுகிசுத்தார்கள்: "அக்காவுக்கு நங்கூரம்னா மட்டும் நாக்குல தேன் ஊறுது." ஊறட்டுமே. என் புருஷன் எழுந்து நடமாடுகிறான், எவன் என்ன பேசினால் எனக்கென்ன.

நவம்பர் 14, புதன்

களைப்பு. யாரோ ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார் என்று என் யூகம், மணமகள் காலணியை மட்டும் எட்டுக் கோணத்தில் எடுத்து வந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் நல்லது தேடினேன். ஆக்கபூர்வம் என்பது ஆளைக் கொல்கிற வேலை.

ஊறுகாய் அரை அடி நகர்ந்திருக்கிறார். கம்பம் இல்லை. ஆனால் இப்போது படச் சட்டத்துக்குள் சந்தையே இருக்கிறது: பெட்டி, நாய், கடிகாரம், சாக்கு மூட்டை, பையன், பலகை. "எதைக் காட்டணும்னு நினைச்சீங்க? உங்களுக்கே தெரியலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரியில சொல்லிப் பாருங்க. சொல்ல முடிஞ்சா எடுங்க." என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்த ஆளிடம் பேசுவது மட்டும்தான் எனக்குச் சுலபமாக இருக்கிறது. சொன்னதைக் கேட்கிறார். கேட்டதைச் செய்கிறார். யாரோ ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 25, ஞாயிறு

கிராட்ஸிலிருந்து மகள் தியானா ஃபோன் செய்தாள். "அப்பா எப்படி இருக்காரும்மா?"

"தினம் காலையில ஆத்தங்கரைக்குப் போறார். படம் எடுக்கிறார்."

"நிஜமாவா? படம் நல்லா இருக்கா?"

"படம் கண்றாவி. அதைப் பத்தி என்ன, விடு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் ஃபோனை வைக்க மனசில்லாமல் இருந்தாள்.

சாயங்காலம் வால்நட் கேக் செய்து வுகித்ஸா வீட்டுக்குக் கொண்டுபோனேன். எது தோஸாவின் பெயர் என்று ஒரு சின்னச் சைகை காட்டினால் போதும் என்றேன். சத்தியத்தை மீறுகிறேன்தான், தாய்மனசு மாதிரி ஒரு மனைவிமனசும் உண்டு.

வுகித்ஸா கேக்கை நிதானமாகச் சாப்பிட்டாள். "அக்கா, கேக்கு பிரமாதம். ஆனா என் வாய் பேங்க் பெட்டகம்." இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 5, புதன்

இன்று ஒரு படம் பார்த்தேன்.

ஊறுகாயுடையது. பஸ் நடத்துநர் பெண், ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து சூடான புரெக் ரொட்டி தின்கிறாள். ஒரு கையில் கையுறை இருக்கிறது, இன்னொரு கையில் இல்லை. ஆவி கண்ணாடியில் படிந்திருக்கிறது. அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள், வாய் நிறைய மென்றுகொண்டு. 'என்ன வேணும் உனக்கு?' என்று கேட்பது போல.

அவ்வளவுதான். நான் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "வலது பக்கம் கொஞ்சம் வெட்டலாம். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அடுத்தது போடுங்க." அடுத்தது நங்கூரத்தின் நாரை. மறுபடியும்.

தோஸா பாதையெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். சீட்டி! நாரையை நான் புகழ்ந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். புகழ்ந்தால் என்ன குறைந்துவிடும், இன்னும் புகழ்கிறேன்.

டிசம்பர் 19, புதன்

எங்கள் ஸ்லாவா, குடும்பப் புனிதரின் திருநாள். புனித நிக்கோலா, படகுக்காரர்களின் காவலர். ஊரே இன்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறது. இரண்டு நாளாக மீன் வறுத்தேன், பீன்ஸ் சுட்டேன், ரொட்டியில் பூ வைத்தேன். ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வருகிறவர்களை நின்று வரவேற்று, நின்று ஊற்றிக் கொடுக்க வேண்டும். தோஸாவின் அப்பா எண்பது வயதிலும் நின்றார்.

தோஸா ரொட்டி வெட்டும்வரை நின்றான். பழைய படகுக்கூட்டம் உள்ளே வந்தது. "என்னடா கேப்டன், தண்ணி உன்னைத் தேடுதுடா! வசந்தத்துல புது இழுவைப் படகு வருது, தெரியுமா?" என்று முதுகில் தட்டினார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு படுக்கையறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் நின்றேன். எல்லோருக்கும் நான் ஊற்றினேன். "கொஞ்சம் நெஞ்சுவலி" என்று ஒவ்வொருத்தருக்கும் பொய் சொன்னேன். கடைசி ஆள் போன பிறகு கதவைத் தட்டி, "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? சால்வை போர்த்திக்கோ" என்றேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நோயாளியிடம் எப்படிக் கத்துவது?

டிசம்பர் 26, புதன்

போகவே மனமில்லை. போனேன். தோஸாவும் வந்தான்.

ஊறுகாயின் படம்: பஸ் நிலையக் கூரை, கீழே ஆட்கள். எட்ட நின்று, எங்கோ பார்த்தபடி எடுத்தது. இத்தனை மாதம் சொன்னதெல்லாம் காற்றில் போனது. எனக்கு ஒரு வாரமாக உள்ளே கிடந்த கோபம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

"இது படமில்ல, சோம்பேறித்தனம். நின்ன இடத்துலயே நின்னு அமுக்கியிருக்கீங்க. ஒரு அடி கூட எடுத்து வைக்கல. கிட்டப் போகத் தெரிஞ்ச ஆளு இப்படிச் செய்யறதுதான் எனக்கு ஆத்திரம். தெரியாத ஆளா இருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

டாக்டர் லூபிஷா மேஜை மணியை அடித்து, "அக்கா, ஆக்கபூர்வமா..." என்றார்.

"இதுதான் ஆக்கம். அடுத்தது போடுங்க."

ஜனவரி 7

எங்கள் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸ். தோஸா எழுந்திருக்கவில்லை. கேமரா அலமாரியில் ஏறிவிட்டது.

ஜனவரி 16, புதன்

தனியாகப் போனேன். ஊறுகாய் படம் தரவில்லை. விரட்டிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாவது ஆள்.

அதிசயம், நங்கூரம் மட்டும் படம் தந்திருக்கிறது. தோஸா முன்னாடியே எடுத்து வைத்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பனிக்கட்டி மேல் நாரை. "கிளப்பின் இந்த வருஷக் கண்டுபிடிப்பு" என்று சொன்னேன். சொல்லும்போதே காது கூசியது. வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒரு நாரைப் படம் பாத்தேன், ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன், பேச்சுவாக்கில் சொல்வது போல.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜனவரி 30, புதன்

வுகித்ஸா என்னை ஓரமாக இழுத்தாள். "அக்கா, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா நங்கூரத்தை நீங்க தூக்கி வைக்கிறது... ஜனங்க பேசறாங்க. தலைவர்கிட்ட உங்களுக்கு என்ன காரியம் ஆகணும்னு."

"தலைவரா? அவருக்கும் இதுக்கும் என்ன?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு புரொஜெக்டர் பக்கம் ஓடிவிட்டாள்.

படுத்த பிறகும் யோசித்தேன். தலைவர்... தலைவரா? இருக்காது. இருக்கவே கூடாது. அப்படியென்றால் தோஸா யார்? காலணியா? பூனையா? ஒரு படம் கூடக் கொடுக்கவே இல்லையா? தினம் கேமராவோடு எங்கே போனான் இந்த மனுஷன்?

பிப்ரவரி 8

விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கிளப்பை, புகழ்வதை, திட்டுவதை, 'சாப்பிட்டியா'வை. அறுபத்தொரு வயது. என் படம் என்று நான் ஒன்று எடுத்து எத்தனை காலம் ஆயிற்று, நினைவில்லை. தோஸாவுக்குச் சவரம் செய்துவிட வந்த பக்கத்து வீட்டு பிராங்கோ போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். துக்க வீட்டில் பிடிப்பது போல. என் புருஷன் இன்னும் சாகவில்லைடா என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 21

காலையில் எழுந்தால் தோஸா இல்லை. அலமாரியில் கேமரா இல்லை.

மதியம் வந்தான். காது சிவந்து, நனைந்து, முகத்தில் யாரையோ அடித்துவிட்டு வந்தது போல ஒரு கோபம். சூப் இரண்டு தட்டு குடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தோஸா வந்திருந்தான், கடைசி வரிசை. ஊறுகாய் திரும்ப வந்திருந்தது. ஒரே ஒரு படம். மழையில் நிற்கும் பஸ். ஜன்னலுக்குள் ஒரு கிழவர், தொப்பியோடு, கையைத் தூக்கி யாருக்கோ விடைகொடுக்கிறார். கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, கிழவரின் உள்ளங்கை மட்டும் அவ்வளவு தெளிவாக. எடுத்தவர் மழையில் எவ்வளவு நேரம் நின்றாரோ.

அந்தக் கையை விட்டு எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும் என் வேலை குறை சொல்வது. சொன்னேன்: "கிட்டப் போயிருக்கீங்க. எதைக் காட்டணும்னு தெரிஞ்சு எடுத்திருக்கீங்க. ஒரு குறை இருக்கு. அவரு யாருக்குக் கை காட்டுறாருன்னு தெரியல. மறுபக்கம் போய், வழியனுப்ப வந்தவங்களையும் சேத்து எடுத்திருந்தா படம் முழுசாயிருக்கும்."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மறுபக்கம் போனேன். அங்க யாருமே இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். தோஸா எழுந்து நின்றிருந்தான். நின்றிருந்தான், நிமிர்ந்து. "சுத்திப் போய்ப் பாத்தேன். பிளாட்பாரம் காலி. அந்தாளு யாருமே இல்லாத இடத்துக்குக் கை காட்டிட்டுப் போறாரு. அதான் இந்தப் பக்கமே நின்னு எடுத்தேன். நீ சொல்றது தப்பு, ரதோய்கா."

என் புருஷன், இத்தனை பேர் முன்னால், எனக்குத் தப்பு என்று சொன்னான்.

டாக்டர் லூபிஷா மணியை அடித்தார். "எடுத்தவர் வாயைத் திறந்தாச்சு! ரக்கியா, ரக்கியா!" எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வுகித்ஸா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புரொஜெக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "சரி" என்றேன். "நான் சொன்னது தப்பு. படம் முழுசாத்தான் இருக்கு."

மார்ச் 7

நேற்று வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாலத்தருகே வந்ததும் அவன் இடப்பக்கத் தெருவில் திரும்பினான். சுற்றுவழி.

"ஏன் இப்படி? ஆத்தோரமாப் போனா சீக்கிரம் போயிடலாமே."

"ஆத்தோரம் நான் போறதில்ல."

"தினம் போனியே?"

"நீ கேட்ட, நான் 'ம்' னேன். ஆத்தைப் பாத்தா எனக்கு வயிறெரியுது ரதோய்கா. இழுவைப் படகு போற சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கணும் போல இருக்கு. என்னை இறக்கி விட்டுட்டு அது பாட்டுக்குப் போகுது. பஸ் ஸ்டாண்டுல அந்த வலி இல்ல. அங்க வர்றவன் எவனும் எனக்குத் தெரிஞ்சவன் இல்ல."

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நான். ஆற்றைத் தவிர இவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது என்று நினைத்து ஊராரின் நாரைக்கெல்லாம் ஆராதனை செய்திருக்கிறேன்.

"அப்ப நங்கூரம்?"

"பல் டாக்டரு. நாரை பின்னாடி அலையறது ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?" சட்டென்று நின்றான். "ஏய்... நீ அது நான்னு நினைச்சியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "நான் என்னவோ நீ அந்தாளு மேல மயங்கிட்டேன்னு நினைச்சேன்! 'பறவையோட தனிமை'! ஒரு வாரம் தூக்கம் வரல எனக்கு. வேணும்னே அந்தாளுகிட்டப் போய்ப் பல்லைப் புடுங்கிக்கலாமான்னு கூட நினைச்சேன், கிட்டப் போய்ப் பாக்கலாம்னு."

"சிரிக்காத. உன்னைத்தான் நான் சோம்பேறின்னு திட்டியிருக்கேன்."

"ஆமா, திட்டின. படுத்துட்டேன். ஏன் படுத்தேன்னா அது உண்மை. நீ வந்து சால்வை போத்திக்கோ, சூப்பு குடின்னு சொல்லுவ, எனக்கு ஒண்ணும் ஏறாது. ஆனா அந்த ஒரு வார்த்தை, நின்ன இடத்துலயே நின்ன, கிட்டப் போகத் தெரிஞ்ச ஆளுன்னு சொன்னியே, அது உள்ள கிடந்து குத்திக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் விடியக்காலையில ஆத்திரம் பொங்கிடுச்சு. இவ யாரு என்னைச் சொல்றதுன்னு எழுந்து போயிட்டேன்."

"அது நீன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும். வீட்ல என்னைப் பாத்தா நீ பேசறது டாக்டர் சீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கு. புதன்கிழமை மட்டும்தான் ஒரு பொம்பள என்கிட்ட மனுஷன்கிட்டப் பேசற மாதிரி பேசினா. அதுக்காகத்தான் வந்தேன்."

அழுதேன். அவன் தேற்றவில்லை. கர்ச்சீப் இல்லாததால் தன் கழுத்துத் துணியைக் கொடுத்தான். வீடு வந்து சேரும்வரை ஓயாமல் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான், மழையில் கேமராவை எப்படிப் பிளாஸ்டிக் பையில் சுற்றினான் என்று.

மார்ச் 20, புதன்

நங்கூரத்தின் நாரைக்கு இன்று உண்மையைச் சொன்னேன். மங்கல், நடுவில் ஒட்டியது, எட்ட நின்றது, ஓரத்தில் விரல். டாக்டர் லூபிஷாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வாயைத் திறக்க முடியாது, விதி. ஐயோ பாவம் என்றும் இருந்தது. அடுத்த தடவை பல் வலித்தால் பெல்கிரேடுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் கூட்டம் முடிந்ததும் தானே வந்தார். "எவ்வளவு கிட்டப் போகணும் அக்கா? பறந்துடுதே."

"தினம் ஒரே நேரத்துல போய் சும்மா உக்காருங்க டாக்டர். கேமராவை எடுக்காதீங்க. அதுக்கு உங்க முகம் பழகட்டும்." உற்றுக் கேட்டுக்கொண்டார். கேட்கத் தெரிந்த மனுஷன்தான். நான்தான் அவரை இத்தனை மாதம் தேனில் போட்டு வைத்திருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

வீட்டில் சண்டை. உப்பு விஷயம். அவன் கத்தினான், நானும் கத்தினேன். கீழ்வீட்டுக்காரி கூரையைத் தட்டினாள். இரண்டு வருஷம் கழித்து முதல் சண்டை. ராத்திரி நல்ல தூக்கம்.

ஏப்ரல் 17, புதன்

சீசனின் கடைசிக் கூட்டம். யாருக்கும் சொல்லாமல் போன வாரம் வுகித்ஸாவிடம் நானும் ஒரு படம் கொடுத்திருந்தேன். மறைபெயர் 'சிம்னி'. சந்தையில் ஈஸ்டருக்குச் சாயம் போட்ட முட்டை விற்கும் பெண். பக்கவாட்டு வெளிச்சம், கணக்கான சட்டம். எல்லாம் அதனதன் இடத்தில். முப்பது வருஷப் பழக்கம், எங்கே போகும்?

இன்று எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி விமர்சனத்தை தோஸாவிடம் தள்ளிவிட்டேன். சபை கைதட்டியது. அவன் முன்னால் வந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டு, ஒவ்வொன்றாகப் பேசினான். தடுமாறினான், ஆனாலும் நேராகப் பேசினான். காலணி வாத்தியாருக்குக் கூட ஒரு நல்லது கண்டுபிடித்தான்.

என் படம் வந்தது. நெடுநேரம் பார்த்தான்.

"வெளிச்சம் நல்லா இருக்கு. ஒரு பிழையும் இல்ல. ஆனா இதை எடுத்தவங்களுக்கு அந்தப் பொம்பளை மேல அக்கறை இல்ல. அலுத்துப் போய் எடுத்திருக்காங்க. கை தானா எடுத்திருக்கு, கண்ணு பாக்கல." கொஞ்சம் நிறுத்தினான். "இதை விட நல்லா எடுக்கத் தெரிஞ்சவங்க. அதான் சொல்றேன். திரும்பப் போகணும்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ரக்கியா. நேற்று வந்தவன்! லென்ஸ் மூடியைக் கழற்ற நான் சொல்லிக் கொடுத்தவன்!

வீட்டுக்கு வந்து கேட்டேன். "தெரிஞ்சுதான் சொன்னியா?"

"எதை?" என்று பல் தேய்க்கப் போய்விட்டான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

திரும்பத் திரும்ப அந்தப் படத்தைப் பார்த்தேன். படுபாவி, அவன் சொல்வது சரி. அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை.

ஏப்ரல் 18

இன்னும் விடியவில்லை. தோஸா தூங்குகிறான், வாயைத் திறந்துகொண்டு. எழுப்பவில்லை. காபி அவனுக்கு அடுப்பில் இருக்கிறது. சந்தை ஆறு மணிக்குத் திறக்கும், வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். முதலில் அந்தப் பெண்ணிடம் பேர் கேட்க வேண்டும். கேமராவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.